தூக்குக்கு முன்னால் ஒரு பெயர் மாற்றம்

ராஜா மேல் கேஸ் போட முடியுமா? கேட்க விளையாட்டாக இருக்கும். சட்டப்படி யோசித்தால் தலை சுற்றும். முடியாட்சி நாட்டில் நீதிமன்றமே ராஜாவுடையது. நீதிபதி உட்காருவதும் அவர் பெயரில், குற்றவாளியை இழுத்து வந்து நிறுத்துவதும் அவர் பெயரில். 1911-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் கொல்லப்பட்டார் அல்லவா, அதையொட்டி சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த சதி வழக்கின் தலைப்பு 'பேரரசர் எதிர் நீலகண்டன்'. வழக்குத் தொடுத்தவர் போலீஸ் இல்லை, லண்டனில் இருந்த ஐந்தாம் ஜார்ஜ். அப்படியானால் ராஜாவே கூண்டில் நின்றால் தலைப்பை எப்படி எழுதுவது? 'பேரரசர் எதிர் பேரரசர்' என்றா?

இந்தச் சிக்கலை எதிர்கொண்டவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே ஒரே உபாயத்தைத்தான் கையாண்டிருக்கிறார்கள். விசாரணை தொடங்கும் முன்பே ராஜாவை ராஜா அல்லாத வேறொன்றாக மாற்றிவிடுவது. அதற்கு முதலில் பெயரை மாற்ற வேண்டும். கோடாரியோ கயிறோ அப்புறம்தான் வரும். நான் முக்கியமாகப் பேச விரும்புவது 1799-இல் கயத்தாறில் நடந்த விசாரணையைப் பற்றி. ஆனால் அதற்கு லண்டன் வழியாகப் போக வேண்டியிருக்கிறது. லண்டனுக்கோ எங்கள் பூந்தமல்லி வழி.

1639-இல் சோழமண்டலக் கடற்கரையின் இந்தப் பகுதி தாமர்லா சகோதரர்கள் கையில் இருந்தது. அண்ணன் வேங்கடப்ப நாயக்கர் வந்தவாசியில். தம்பி ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்துகொண்டு கடற்கரை விவகாரங்களைப் பார்த்துவந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இவர்களிடம் கேட்டு வாங்கியதுதான் பிறகு ஜார்ஜ் கோட்டை எழுந்த மணல்மேடு. சென்னப்பட்டணம் என்ற பெயரே இவர்களுடைய அப்பா சென்னப்ப நாயக்கரால் வந்தது. அந்த ஆவணத்தில் கொடுப்பவர் நாயக்கர், பெறுபவர் கம்பெனி. இந்த வரிசையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்போது இங்கிலாந்தின் ராஜா முதலாம் சார்லஸ். பத்தே வருஷத்தில் அவர் தலை போய்விட்டது.

நாடாளுமன்றத்துக்கும் ராஜாவுக்கும் உள்நாட்டுப் போர், ராஜா தோற்றார். அவரை விசாரிக்க 1649 ஜனவரியில் மக்களவை 135 பேரை ஆணையர்களாக நியமித்தது. பிரபுக்கள் சபை சம்மதிக்கவில்லை. அது இல்லாமலேயே நியமித்தார்கள். 135-இல் பாதிப் பேர் விசாரணைப் பக்கமே தலைகாட்டவில்லை. கடைசியில் மரண ஆணையில் கையெழுத்துப் போட்டவர்கள் 59 பேர். தலைமை தாங்கிய ஜான் பிராட்ஷா யாராவது சுட்டுவிடுவார்களோ என்று பயந்து உள்ளே இரும்புத் தகடு வைத்த தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்தத் தொப்பி இன்றும் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு நீதிபதிக்குத் தன் அதிகாரத்தின் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு தொப்பி போதும்.

குற்றப்பத்திரிகையின் சாமர்த்தியம் வேறு இடத்தில் இருக்கிறது. அதில் அவர் 'சார்லஸ் ஸ்டூவர்ட்'. ராஜா என்பதை அது மறுக்கவில்லை. நாட்டின் சட்டப்படி, அதற்கு உட்பட்டு மட்டும் ஆளும்படி வரையறுத்த அதிகாரம் நம்பி ஒப்படைக்கப்பட்டவர் என்று சொன்னது. அதாவது கோயில் தர்மகர்த்தா மாதிரி. சொத்து அவருடையது இல்லை, பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தது. தர்மகர்த்தா கையாடல் செய்தால் வழக்குப் போடலாம்தானே! ஆண்டவன் கொடுத்த முடியை ஒரு வாக்கியத்தில் உத்தியோகமாக்கிவிட்டார்கள்.

சார்லஸ் தொப்பியைக் கழற்றவில்லை, பதிலும் சொல்லவில்லை. எந்த அதிகாரத்தில் என்னை இங்கே கொண்டுவந்தீர்கள் என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். அதோடு, சட்டத்தின் துணை இல்லாத ஒரு பலம் ராஜாவையே இப்படிச் செய்யுமானால் நாட்டில் எந்தக் குடிமகனின் உயிருக்கும் உடைமைக்கும் உத்தரவாதம் ஏது என்றார். கொடுங்கோலர் வாயிலிருந்து வந்ததால் அது தப்பான கேள்வி ஆகிவிடாது. விசாரணை தொடங்கியது ஜனவரி 20, தீர்ப்பு 27, தலை விழுந்தது 30.

இதன் எதிரொலி நம் ஜார்ஜ் கோட்டை வரைக்கும் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. முடியாட்சி திரும்பி, சார்லஸின் மகன் பட்டத்துக்கு வந்தபின், 1665-இல் கோட்டைக்குப் புதுத் தலைவராக ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்ட் வந்தார். பதவி இழந்த எட்வர்ட் விண்டர், 'இந்த ஆள் ராஜாவுக்கு எதிராகப் பேசினான்' என்று குற்றம் சாட்டி, ஆட்களோடு பாய்ந்து அவரைப் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டார். கைகலப்பில் ஒருவர் உயிரும் போனது. 1668 வரைக்கும் கோட்டை விண்டர் கையில்தான். உண்மையில் அது நாற்காலிச் சண்டை. ஆனாலும் அந்தக் காலத்தில் ஒருவனைக் கவிழ்க்க 'ராஜ துரோகி' என்ற சொல்லே போதுமானதாக இருந்தது.

பிரான்ஸ் கதை ஓரளவு எல்லோருக்கும் தெரிந்தது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1792 டிசம்பர் 11 அன்று பதினாறாம் லூயியை தேசியப் பேரவை முன் நிறுத்தி 'லூயி காப்பே' என்று அழைத்தார்கள். அது என் முன்னோர் ஒருவருடைய பெயர், என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்று அவர் ஆட்சேபித்தார். அவருக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். 1791-இன் அரசியல் சாசனப்படி ராஜாவைத் தொடவே முடியாது, பதவி இழப்புதான் அதிகபட்ச தண்டனை என்று வாதாடவும் செய்தார்கள். சட்டம் அவர்கள் பக்கம்தான். ஆனால் ரோபஸ்பியர் விசாரணையே வேண்டாம் என்றவர். விசாரித்தால் லூயி நிரபராதி என்று தீர்ப்பு வரவும் இடம் உண்டு. அவர் நிரபராதி என்றால் அப்புறம் புரட்சி என்ன ஆகும் என்று கேட்டார். குரூரமான தர்க்கம்தான், ஆனால் நேர்மையானது. கடைசியில் 721 பேரில் 361 பேர் நிபந்தனையில்லாமல் மரணம் என்றார்கள். 1793 ஜனவரி 21-இல் கில்லட்டின்.

ரோபஸ்பியரின் கேள்வியை நான் ஒரு அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு விசாரணை நிஜமா, நாடகமா? விடுதலைக்கு அங்கே இடம் இருந்ததா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது தெற்கே போவோம். லூயி செத்து ஆறு வருஷம். அவருடைய அரண்மனைக்கு 1787-இல் தூதர்களை அனுப்பிய திப்பு சுல்தான் 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்தார். மைசூர் முடிந்ததும் கம்பெனிக்குப் படை மிச்சமானது. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் பார்வை திருநெல்வேலிச் சீமைப் பக்கம் திரும்பியது.

வீரபாண்டிய கட்டபொம்மன் ராஜாவா? இந்தக் கேள்வியை வைத்து நம் ஊரில் ஐம்பது அறுபது வருஷமாகச் சண்டை போடுகிறோம். ராஜா என்பார்கள், வெறும் பாளையக்காரர் என்பார்கள், கொள்ளைக்காரர் என்றும் சொல்வார்கள். அவர் ஆட்கள் பக்கத்துப் பாளையங்களில் புகுந்து கைவைத்ததாகக் கம்பெனி பதிவுகளில் புகார்கள் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. எட்டயபுரத்தோடு எல்லைத் தகராறும் இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் பாளையக்காரர் என்றால் யார்? மதுரை நாயக்கர் காலத்து ஏற்பாட்டில் தன் எல்லைக்குள் வரி வாங்குவார், காவல் வைப்பார், வழக்குத் தீர்ப்பார், படை வைத்திருப்பார். குடிகளைப் பொறுத்தவரை அவர்தான் ராஜா. மதுரை நாயக்கர் போய் ஆற்காடு நவாப் வந்தார். நவாப் கடனில் மூழ்கி, 1792 ஒப்பந்தத்தில் பாளையங்களில் கிஸ்தி வசூலிக்கும் உரிமையைக் கம்பெனிக்குத் தந்துவிட்டார். வசூலிக்கும் உரிமையைத்தான் தந்தார். பாளையக்காரர்களை என்ன செய்யலாம் என்று அந்தப் பாளையக்காரர்களை யாரும் கேட்கவில்லை. கடன் கொடுத்தவன் அடமானச் சீட்டை இன்னொருத்தருக்கு மாற்றிவிட்ட மாதிரி.

கட்டபொம்மன் மேல் நடந்தது ஒரு விசாரணை இல்லை, இரண்டு. இதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். 1959-இல் வந்த பந்துலுவின் படம் ஜாக்சன் துரை காட்சியை நம் எல்லோர் மனதிலும் அப்படி ஆழப் பதித்துவிட்டது. அதற்கு அப்புறம் நடந்த முதல் விசாரணை அந்த வெளிச்சத்தில் மறைந்துபோனது.

1798-இல் கிஸ்தி பாக்கி 3310 பகோடா என்று கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனைக் கூப்பிட்டு அனுப்பினார். போன இடத்திலெல்லாம் துரை இல்லை. ஊர் ஊராகச் சுமார் 400 மைல், 23 நாள் பின்னாலேயே அலையவிட்டு, கடைசியில் செப்டம்பரில் ராமநாதபுரத்தில் பேட்டி கொடுத்தார். கணக்குப் பார்த்தால் பெரும்பகுதி கட்டியாகிவிட்டது, மீதி 1080 பகோடாதான். அப்படியும் நிற்கவைத்தே மணிக்கணக்கில் கேள்வி. பிடித்து வைக்கப் பார்த்தபோது அடிதடியாகி, லெப்டினென்ட் கிளார்க் என்ற அதிகாரி செத்தார். கட்டபொம்மன் தப்பினார், அவருடைய தானாபதி சுப்பிரமணிய பிள்ளை மாட்டிக்கொண்டார்.

கட்டபொம்மன் சென்னை அரசாங்கத்துக்கு முறையிட்டார். கவர்னர் எட்வர்ட் கிளைவ் பிரௌன், ஓரம், காசமேஜர் என்ற மூன்று பேர் கொண்ட குழுவைப் போட்டார். டிசம்பர் 15 அன்று கட்டபொம்மன் அந்தக் குழுவின் முன் வந்து நடந்ததைச் சொன்னார். ஒரு வெள்ளைக்கார அதிகாரி செத்த விவகாரம் அது. அப்படியும் குழு தப்பு ஜாக்சன் மேல்தான் என்றது! தானாபதியை விட்டார்கள். ஜாக்சனின் பதவி போனது, அந்த இடத்துக்கு லூஷிங்டன் வந்தார். கம்பெனி நடத்திய விசாரணைதான் இதுவும். ஆனால் இங்கே விடுதலைக்கு இடம் இருந்தது; விடுதலையும் கிடைத்தது.

பத்தே மாதத்தில் எல்லாம் தலைகீழ்.

ஏன்? என் வாசிப்பு இது. 1798 டிசம்பரில் கட்டபொம்மன் குழு முன் நின்றது முறையீட்டுக்காரராக. கலெக்டர் அநியாயம் செய்தார் என்று கம்பெனியிடமே வந்தவரிடம் நியாயமாக நடந்துகொள்வதில் கம்பெனிக்கு நஷ்டம் இல்லை, பெருமைதான். அதற்குள் ஒரு ஒப்புதல் அடங்கியிருக்கிறதே: நீ மேலே, நான் கீழே. 1799-இல் அந்த ஒப்புதல் இல்லை. அதற்குள் அவர் மருது சகோதரர்கள் அமைத்துவந்த கூட்டணிப் பக்கம் சாய்ந்திருந்தார். செப்டம்பர் 4 அன்று பாளையங்கோட்டைக்கு வந்து சேர் என்று மேஜர் பானர்மேன் அனுப்பிய ஆணைக்கு அவர் போகவில்லை. மறுநாளே பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை முற்றுகையிட்டார்கள். கம்பெனித் தரப்பிலும் பலத்த சேதம். கோட்டையை விட்டு வெளியேறியவரைப் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கொடுத்தார்கள். தானாபதியை அதற்கு முன்பே நாகலாபுரத்தில் கொன்றுவிட்டார்கள்.

அக்டோபர் 16, கயத்தாறு. பானர்மேன் சுற்றுவட்டாரப் பாளையக்காரர்களையெல்லாம் வரச்சொல்லி உட்காரவைத்தார். படையை நடத்தியவர், குற்றம் சாட்டியவர், தீர்ப்புச் சொன்னவர் எல்லாம் அவர் ஒருவரே. கிஸ்தி ஒழுங்காகக் கட்டவில்லை, கலெக்டர் கூப்பிட்டு வரவில்லை, சிவகிரியில் கலகம் செய்தவர்களுக்கு ஆள் அனுப்பினாய், கம்பெனிப் படையை எதிர்த்துச் சுட்டாய் என்பவை குற்றச்சாட்டுகள். கூர்ந்து பார்த்தால் எல்லாமே ஒரு வேலைக்காரன் மேல் எஜமான் சொல்லக்கூடிய குற்றங்கள். வரவில்லை, கட்டவில்லை, எதிர்த்தாய். கோட்டையை முற்றுகையிட்டபோது உள்ளே இருப்பவன் திருப்பிச் சுடுவது குற்றம் என்றால், அந்தக் கோட்டை அவனுடையது இல்லை என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். சார்லஸை தர்மகர்த்தா ஆக்கியவர்கள், நாட்டு மக்கள் உனக்கு எஜமான் என்றார்கள். கயத்தாறில் ஒரு வியாபாரக் கம்பெனி, நான் உனக்கு எஜமான் என்றது. பூந்தமல்லி நாயக்கரிடம் மணல்மேடு கேட்டு நின்ற அதே கம்பெனி, 160 வருஷம் கழித்து.

வக்கீல் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. எந்த அதிகாரத்தில் என்று சார்லஸ் கேட்ட கேள்விக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் நாலு நாளாவது தடுமாறினார்கள். இங்கே ஒரே நாளில் எல்லாம் முடிந்தது. கட்டபொம்மன் எதையும் மறுக்கவில்லை என்பதை வீரம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். வீரம்தான். ஆனால், 'நான் கட்டிவிட்டேன்', 'எனக்கு ஆணை வந்து சேரவில்லை' என்று ஒரு பதில் சொல்லியிருந்தாலும் அந்த எஜமான்–வேலைக்காரன் கணக்கை ஏற்றுக்கொண்டதாக ஆகியிருக்கும். பத்து மாதத்துக்கு முன் அப்படிப் பதில் சொல்லி ஜெயித்தவர்தான் அவர். இந்த முறை அவர் அந்தக் கணக்குக்குள் போகவில்லை.

அன்றைய காட்சி நமக்குத் தெரிவது பானர்மேன் மறுநாள் அரசாங்கத்துக்கு எழுதிய கடிதத்தால். பிஷப் கால்டுவெல் தம் திருநெல்வேலி வரலாற்றில் அதைப் பயன்படுத்தியிருக்கிறார். கைதி துளியும் கலங்கவில்லை என்று தூக்கில் போட்டவரே எழுதுகிறார். தன்னைப் பிடிக்க முயன்ற எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அடிக்கடி இளக்காரமாகப் பார்த்தாராம். மரத்தடிக்குப் போகும்போது இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த பாளையக்காரர்கள் மேல் ஒரு வெறுப்புப் பார்வை. வழியில் வாய்பேசாத தம்பி ஊமைத்துரையைப் பற்றி மட்டும் கவலைப்பட்டார். மரத்தடியில், கோட்டையை விட்டு வராமல் அங்கேயே சண்டை போட்டுச் செத்திருக்கலாம் என்று வருந்தினார்.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொள்வது அந்தப் பாளையக்காரர்களின் வரிசைதான். வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் பார்வையாளர்கள் லண்டன் ஜனங்கள். பாரிஸில் தூக்குமேடையைச் சுற்றி நகரமே. கயத்தாறு நாடகம் குடிகளுக்காகப் போடப்பட்டதே இல்லை. பார்வையாளர்கள் மற்ற ராஜாக்கள். அவர்கள் ஒவ்வொருவரும் காலையில் ராஜாவாக வந்து உட்கார்ந்து, சாயங்காலம் கம்பெனியின் ஜமீன்தாராக எழுந்து போனார்கள். தூக்கில் போட்டது ஒருவரை, பெயர் மாறியது எல்லோருக்கும். உடனேயே கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவு வந்தது.

1801-இல் இந்த நாடகமும் தேவைப்படவில்லை. ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்த கோட்டையைத் திரும்பக் கட்டினார். மருது சகோதரர்கள் ஜூன் மாதம் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் அறிக்கை ஒட்டி எல்லா ஜாதியாரையும் அழைத்தார்கள். அது ஒரு பாளையத்தின் சண்டை இல்லை, புரட்சிதான். அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். நவம்பரில் ஊமைத்துரைக்குப் பாஞ்சாலங்குறிச்சியில் மரணம். கோட்டை இருந்த இடத்தை ஏர் பூட்டி உழுது ஆமணக்கு விதைத்தார்கள், அங்கே இனி யாரும் குடியிருக்கக் கூடாது என்று.

கம்பெனி மறுபடியும் ஒரு அரசரை முறைப்படி விசாரித்தது 1858-இல், டெல்லியில். பகதூர் ஷா ஜஃபருக்கு எண்பது தாண்டிய வயது. செங்கோட்டையில் அவருடைய திவான்-இ-காஸ் மண்டபத்திலேயே ராணுவ ஆணையம் உட்கார்ந்து, ஜனவரி 27 முதல் மார்ச் 9 வரை விசாரித்தது. குற்றப்பத்திரிகையில் அவர் யார்? 'பிரிட்டிஷ் அரசின் பென்ஷன்தாரர்'. இன்னொரு குற்றச்சாட்டில் 'பிரிட்டிஷ் அரசின் குடிமகன்'. குடிமகனாக இருந்துகொண்டு துரோகமாகத் தன்னை இந்தியாவின் அரசன் என்று அறிவித்தானாம்! இந்தக் கம்பெனி 1765-இல் வங்காளத்தின் திவானி உரிமையை முகலாயப் பேரரசரிடமிருந்து வாங்கியது. 1835 வரை தன் நாணயங்களில் பேரரசர் பெயரைத்தான் பொறித்தது. சென்னையில் அடித்த ஆற்காடு ரூபாயிலும் இரண்டாம் ஆலம்கீர் பெயர்தான். சட்டப்படி பார்த்தால் 1857-இல் கலகம் செய்தது கம்பெனிதான், பேரரசர் இல்லை என்று 1922-இல் பக்லர் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியரே வாதிட்டார்.

ஜஃபரைத் தூக்கில் போடவில்லை. ஹுமாயூன் சமாதியில் சரணடைந்தபோது ஹாட்சன் உயிருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அடுத்த நாளே அதே ஹாட்சன் ஜஃபரின் இரண்டு மகன்களையும் ஒரு பேரனையும் எந்த விசாரணையும் இல்லாமல் சுட்டுக் கொன்றார். முதியவரை ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள், 1862 நவம்பர் 7-இல் இறந்தார். அன்றே புதைத்து, மேலே அடையாளம் எதுவும் வைக்காமல் புல் பதித்துவிட்டார்கள். சமாதி எங்கே என்று கொஞ்ச காலத்தில் யாருக்கும் தெரியாமல் போனது. 1991-இல் அங்கே ஏதோ வேலைக்காக மண்ணைத் தோண்டிய ஆட்கள்தான் செங்கல் வைத்துக் கட்டிய அந்தக் குழியைக் கண்டுபிடித்தார்கள்.